வாய்க்காலோரத்து வீடும் விஷமில்லாப் பாம்பும்

அமராவதி அணையில் பாசனத்துக்குத் தண்ணீர் திறந்து, வாய்க்கால் நனைந்து நாலைந்து நாள் ஆனால் மடத்துக்குளம் பக்கம் பாம்புப் பேச்சு தொடங்கிவிடும். சோழமாதேவி, கணியூர், கடத்தூர், காரத்தொழுவு என்று ஊர்ப் பெயரிலேயே ஓடுகிற பழைய வாய்க்கால்களின் கரையெல்லாம் எலி வளை. வளைக்குள் தண்ணீர் இறங்கினால் எலி மேட்டுக்கு ஏறும். மேடு என்றால் வீடு, களம், மாட்டுக் கொட்டகை, கோழிக்கூடு. எலியின் தடம் பிடித்துப் பாம்பும் அங்கேயே வந்து சேரும். கரும்பு வெட்டு நடக்கும்போதும் இப்படித்தான். ஒரு வருஷம் யாரும் அதிகம் நுழையாமல் அடர்ந்து நின்ற தோட்டம் சில நாளில் வெட்டவெளியாகிவிட, அதற்குள் குடியிருந்ததெல்லாம் பக்கத்துச் சாளையை, அதாவது தோட்டத்து வீட்டை, தேடி வரும்.

வயலும் தென்னையும் மட்டும் இருக்கிற வட்டாரம் அல்ல இது. நூற்பாலைகள், காகித ஆலைகள், திருப்பூருக்குத் தைத்து அனுப்பும் பனியன் யூனிட்டுகள் இருக்கின்றன. அவற்றோடு கழிவுப் பஞ்சு மூட்டையும் பனியன் வேஸ்ட் குவியலும் பழைய காகிதக் கட்டுகளும் சேர்ந்தே இருக்கின்றன. தகரக் கூரைக்குக் கீழே மாதக்கணக்கில் அசையாமல் கிடக்கும் இந்தக் குவியல்களைவிட எலி குட்டி போடச் சுகமான இடம் கிடையாது. அதன் பக்கத்திலேயே தொழிலாளர்களின் லைன் வீடுகள். இரவு ஷிப்ட் முடிந்து வருகிறவர் இருட்டில் செருப்பில்லாமல் குளியலறைக்கு நடக்கிறார். விவசாயி வீட்டில் நடப்பது இங்கேயும் நடக்கிறது.

பாம்பைக் கண்டதும் எழும் முதல் சத்தம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று: "நல்லபாம்பு!" அல்லது "எட்டடி விரியன்!" அடுத்து தடி வரும். அடித்துப் போட்டு, வாலைப் பிடித்துத் தூக்கி, தெருவில் கிடத்திய பிறகுதான் அது என்ன பாம்பு என்ற கேள்வி எழும். அப்படிக் கிடத்தப்பட்டு நான் பார்த்தவற்றில் அதிகமும் சாரை. அதற்கடுத்து நீர்க்கோலியும் வெள்ளிக்கோல் வரையனும். மூன்றுமே மனிதரைக் கொல்லும் விஷம் இல்லாதவை.

விஷமில்லாதது எது என்று தெரிந்தால் இந்த வீண் சாவு குறையும் என்பது சரியான பேச்சு. நானும் அதை நம்புகிறேன். ஆனால் அந்த அறிவுக்கு மறுபக்கம் ஒன்று உண்டு. "இது ஒண்ணும் பண்ணாது" என்று சொல்லி வெறும் கையால் எடுத்தது கட்டுவிரியனாக இருந்துவிட்டால், அங்கே போவது மனித உயிர். பாம்பை அடையாளம் காணும் அறிவு நமக்குப் பொறுமையைத் தர வேண்டும். கையில் பிடிக்கும் துணிச்சலை அது தரக்கூடாது. இந்தக் கட்டுரையில் வரும் குறிப்புகளை அந்த எல்லைக்குள் வைத்துத்தான் எழுதுகிறேன்.

விஷப் பாம்பு எது, விஷமில்லாதது எது என்று பிரித்துச் சொல்லும் வேலையைத் தென்னிந்தியாவில் முறையாகத் தொடங்கி வைத்தவர்களில் பாட்ரிக் ரஸ்ஸல் முக்கியமானவர். ஸ்காட்லாந்துக்காரரான இந்த மருத்துவர் 1785இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை மாகாண இயற்கையியலாளராக நியமிக்கப்பட்டார். சோழமண்டலக் கரையில் சேகரித்த பாம்புகளைப் படத்தோடும், அந்தந்த ஊரில் சொல்லப்பட்ட பெயரோடும் பதிவு செய்தார். நாயையும் கோழியையும் கடிக்கவிட்டு எதில் விஷம் உண்டு என்று சோதித்தார். அந்தப் பதிவு நூலாகி, அதன் முதல் பாகம் 1796இல் வந்தது. பாமரரும் பார்த்துத் தெரிந்துகொள்ளும்படி விஷப் பாம்புகளைத் தனியே அடையாளம் காட்டிவிட வேண்டும் என்பது அவருடைய விருப்பம். கண்ணாடி விரியனுக்கு ஆங்கிலத்தில் அவர் பெயரையே வைத்தார்கள். இருநூறு ஆண்டுக்கு மேல் ஆகியும் அந்த விருப்பம் நம் வீட்டு வாசல் வரைக்கும் வந்து சேரவில்லை.

இந்தியாவில் 300க்கும் மேற்பட்ட பாம்பினங்கள் உண்டு. எல்லாவற்றையும் படிக்க வேண்டியதில்லை. நாட்டில் பாம்புக்கடிச் சாவுகளில் பெரும்பங்குக்குக் காரணமானவை நான்கு: நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். விஷமில்லாதவற்றை ஐம்பது பெயரில் மனப்பாடம் செய்வதைவிட இந்த நான்கையும், இவற்றைப் போலவே தோன்றி நம்மைக் குழப்பும் நாலைந்து பாம்புகளையும் ஜோடி ஜோடியாகத் தெரிந்துகொள்வது எளிது. பயனும் அதிகம்.

அதற்கு முன்னால், காலம் காலமாகச் சொல்லிவரும் சில பொது விதிகளைக் கைவிட வேண்டும். "தலை முக்கோணமாக இருந்தால் விஷம்" என்பார்கள். கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் இரண்டுக்கும் அது பொருந்தும். ஆனால் நல்லபாம்புக்கும் கட்டுவிரியனுக்கும் தலை முக்கோணம் கிடையாது. மனிதருக்குப் பெரிய ஆபத்தில்லாத பூனைப் பாம்புக்கோ கழுத்து மெலிந்து தலை அகன்றே இருக்கும். "கண்மணி பூனைக்கண் மாதிரி நெட்டுக்குத்தாக இருந்தால் விஷம்" என்பார்கள். நல்லபாம்பின் கண்மணி வட்டம், விஷமே இல்லாத மண்ணுளிக்கு நெட்டுக்குத்து. "கடிவாயில் இரண்டு பல் பதிந்தால் விஷப் பாம்பு, வரிசையாகப் பதிந்தால் வேறு" என்பதுதான் இவற்றில் மிக ஆபத்தானது. வெள்ளிக்கோல் வரையனுக்கு முன்பற்கள் பெரியவை, அது கடித்தாலும் இரண்டு புள்ளி தெரியலாம். கட்டுவிரியன் கடித்த இடத்திலோ சில சமயம் எந்தத் தடமும் கண்ணுக்குத் தெரியாது. கடிவாயைப் பார்த்து முடிவுசெய்து வீட்டிலேயே தங்கிவிட்டவர்கள் விடியும்போது மூச்சுக்குத் திணறியிருக்கிறார்கள்.

ஆகவே முதல் ஜோடி, அதிக நேரம் நின்று பார்க்க வேண்டிய ஜோடி, கட்டுவிரியனும் வெள்ளிக்கோல் வரையனும்.

கட்டுவிரியனைத்தான் கொங்குப் பக்கம் எட்டடி விரியன் என்பார்கள், கடித்தால் எட்டடி நடப்பதற்குள் சாவு என்ற பயத்தில். பளபளக்கும் கருப்பு அல்லது கருநீலம் பாய்ந்த உடல். குறுக்கே மெல்லிய வெள்ளைக் கோடுகள், பெரும்பாலும் இரண்டிரண்டாக. கழுத்தை ஒட்டிக் கோடு இருக்காது அல்லது மங்கலாக இருக்கும். உடலின் நடுவிலிருந்து வாலை நோக்கிப் போகப்போகத் தெளிவாகும். முதுகுத்தண்டின் மேல் ஓடும் ஒரு வரிசைச் செதில்கள் மட்டும் மற்றவற்றைவிடப் பெரியவை, அறுகோணமானவை. இதுதான் நிபுணர்கள் நம்பும் அடையாளம். ஆனால் செதிலைப் பார்க்கும் அளவுக்கு நெருங்கக்கூடாது என்பதால் வீட்டுக்காரருக்கு அது உதவாது. செத்த பாம்பைப் படம் எடுத்து அனுப்பினால் உதவும்.

வெள்ளிக்கோல் வரையன் பழுப்பு அல்லது சாம்பல் கலந்த பழுப்பு. அதன் பட்டைகள் இதற்கு நேர் எதிராகக் கழுத்திலேயே அழுத்தமாகத் தொடங்கி, வாலை நோக்கி மங்கிப் போகும். பட்டை விலாவுக்கு வரும்போது இரண்டாகப் பிரிந்து விரியும். தலை தட்டை. கண் கருமணி போலத் துருத்தி நிற்கும். பல்லிதான் அதற்குப் பிரதான உணவு. அதனால் சுவர், ஜன்னல் விளிம்பு, ஓட்டுச் சந்து, மின்சார மீட்டர் பெட்டியின் பின்புறம் என்று பல்லி இருக்கும் இடமெல்லாம் ஏறும். சொரசொரப்பான சுவரில் அது ஏறுவதைப் பார்க்க ஆச்சரியமாக இருக்கும். கட்டுவிரியன் பெரும்பாலும் தரையோடு போவது.

கணியூர்ப் பக்கம் ஒரு தோட்டத்துச் சாளையில் இதைக் கிட்டத்தில் நின்று பார்த்தேன். பூசாத செங்கல் சுவர், மேலே குண்டு பல்பு. பல்பைச் சுற்றிப் பூச்சி, பூச்சிக்குப் பல்லி. இரண்டு கல்லுக்கு நடுவே சாந்து உதிர்ந்த பள்ளத்தில் வயிற்றைப் பதித்துப் பதித்து ஒன்றரை அடி நீளப் பாம்பு ஏறிக்கொண்டிருந்தது. கழுத்தில் மஞ்சளோடிய வெள்ளைப் பட்டை, அதன்பின் நெருக்கமாக நாலைந்து, பிறகு எதுவுமே இல்லாத பழுப்பு வால். பல்லியைக் கவ்வியதும் சுவரோடு சேர்த்து ஒரு சுற்றுச் சுற்றி அசையாமல் இருந்தது. வீட்டுப் பையன் மண்வெட்டியோடு வந்துவிட்டான். பாட்டி திண்ணையிலிருந்து, "கண்ணு, அடிச்சுப் போடு. உட்டா ராத்திரி பாய்க்குள்ள வந்துரும்" என்றார். அவனுக்கும் சந்தேகம்தான். ஆனால் வால் பக்கம் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "வாலுல வரியே இல்லீங்க அமுச்சி. செவுத்துல ஏறுது பாருங்க, பல்லிக்கு வந்துருக்குதுங்க. நாம உள்ள போயிக் கதவச் சாத்திக்கலாங்க" என்றான். அரை மணி நேரத்தில் அது ஓட்டுக்கு மேலே போய் மறைந்தது. அவன் சொன்னது சரி. அதைவிட, எட்டி நின்றே சொன்னான் என்பதும் கையால் எடுத்துக் காட்ட முயலவில்லை என்பதும் எனக்குப் பெரிதாகப் பட்டது. ஏனென்றால் இந்த அடையாளங்களுக்கு விதிவிலக்கு உண்டு. கட்டுவிரியன் குட்டிக்கு முன்பக்கத்திலும் புள்ளியும் கோடும் இருக்கலாம். வயதான கட்டுவிரியனுக்குக் கோடு அநேகமாக மறைந்தே போயிருக்கலாம். பட்டையே இல்லாத வெள்ளிக்கோல் வரையனும் உண்டு. டார்ச் வெளிச்சத்தில் பழுப்பும் கருப்பும் ஒன்றுதான்.

அடுத்த ஜோடி நல்லபாம்பும் சாரையும். படம் எடுத்துவிட்டால் கேள்வியே இல்லை. படம் எடுக்காமல் ஓடும் நல்லபாம்பைத்தான் சாரை என்றும், சாரையை நல்லபாம்பு என்றும் மாற்றிச் சொல்கிறோம். சாரைக்குக் கண் பெரியது. உதட்டுச் செதில்களின் ஓரத்தில் மை தீட்டினது போலக் கருங்கோடுகள் நெட்டாக வரிசையாக இருக்கும். உடலின் பின்பாதியில் கருப்புக் குறுக்கு வரிகள் தெரியும். ஆறு ஏழு அடி சாதாரணமாக வளரும். பகலில் நடமாடும், வேகம் அதிகம், ஆளைக் கண்டால் ஓடத்தான் பார்க்கும். மூலையில் மடக்கினால் கழுத்தை உப்பிக்கொண்டு உறுமுவது போன்ற ஒலியோடு பாயும். கடித்தால் காயம் ஆகும், விஷம் இல்லை.

சாரையைப் பற்றி நம் ஊரில் உலவும் கதைகளுக்குக் கணக்கில்லை. வாலில் விஷம், பசுவின் காலைக் கட்டிக்கொண்டு பால் குடிக்கும், நல்லபாம்புக்கு அதுதான் ஆண். பாம்புக்கு உறிஞ்சிக் குடிக்கிற உதடு கிடையாது. ஊசி ஊசியான பல்லை மடியில் வைத்தால் பசு சும்மா நிற்காது. சாரையும் நல்லபாம்பும் வேறுவேறு இனம், சாரையில் ஆணும் பெண்ணும் தனியே உண்டு. இரண்டு பாம்பு பின்னிக்கொண்டு நெஞ்சுயரம் எழும்புவதைப் பார்த்துவிட்டு வேட்டியை வீசி எடுத்துப் பூஜையறையில் வைத்தவர்கள் உண்டு. அப்படி எழும்பி ஆடுபவை பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகள். ஒன்றை ஒன்று தரையில் அழுத்த முயலும் பலப்பரீட்சை அது. ஊரில் அதைச் சுற்றிக் கூட்டம் கூடி நிற்பதை இன்றும் பார்க்கலாம். கூட்டம் நிற்கட்டும், அடிக்காமல் இருந்தால் போதும்.

ஒரு சாரையை அடித்தால் எலியை அடிக்கும் ஒரு வாயை அடைத்துவிட்டோம். நெல், மக்காச்சோளம், தென்னங்குரும்பை, கரும்பின் அடித்தண்டு என்று எலி விடாமல் தின்னும் வட்டாரத்தில் இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. சாரைத் தோலில் கைப்பை, பெல்ட் செய்து கப்பல் கப்பலாக அனுப்பிய காலம் ஒன்று இருந்தது. செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள் பலருக்கு அந்தத் தோல்தான் சோறு போட்டது. 1976இல் பாம்புத்தோல் ஏற்றுமதி தடைசெய்யப்பட்டதும் அவர்கள் பிழைப்பு நின்றது. பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியோடு 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அவர்கள் கைத்திறனை வேறு பக்கம் திருப்பியது. மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இருக்கும் அந்தச் சங்கத்தில் நான்கு விஷப் பாம்புகளையும் சில வாரம் வைத்து, விஷம் எடுத்துவிட்டு, உயிரோடு திரும்ப விடுகிறார்கள். மருத்துவமனையில் நமக்கு ஏற்றப்படும் விஷமுறி மருந்துக்கு அந்த விஷம் மூலப்பொருள். மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர்களுக்கு 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஒரு கொக்கிக் கம்பியோடு வரப்பில் நடந்து, மண்ணில் கிடக்கும் தடத்தைப் பார்த்தே பாம்பின் பெயரைச் சொல்லக்கூடியவர்கள் அவர்கள். அடையாளம் காணுதல் என்றால் அந்த அளவு. நாம் சுவரொட்டியைப் பார்த்துக் கற்றது அதில் ஓரம்கூட வராது.

மற்ற ஜோடிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கண்ணாடி விரியனின் முதுகில் மூன்று வரிசையாகச் சங்கிலி போல நீள்வட்டப் புள்ளிகள், ஒவ்வொன்றுக்கும் கருப்பு ஓரம். தடித்த உடல், பிரஷர் குக்கர் விசில் போன்ற சீறல். மண்ணுளியில் ஒரு வகைக்குப் பழுப்புத் திட்டுகள் இருப்பதால் அதைக் கண்ணாடி விரியன் என்று அடிக்கிறார்கள். மண்ணுளியின் திட்டுகள் ஒழுங்கில்லாமல் ஒன்றோடு ஒன்று கோத்து வளைந்து போகும், கழுத்துத் தனியே தெரியாது, வால் குட்டையாகச் சட்டென முடியும். சிறு மலைப்பாம்பையும் இதேபோல விரியன் என்று கொல்வதுண்டு. சுருட்டை விரியன் ஒன்றிரண்டு அடிதான். வறண்ட மேட்டு நிலத்தில், கல்லுக்கு அடியில் இருக்கும். உடலை மடித்து மடித்துத் தேய்த்து ரம்பம் அறுக்கிற ஓசை எழுப்பும். அதற்கு ஒப்பாகத் தோன்றும் பூனைப் பாம்பு மெலிந்து நீண்டது, இரவில் மரத்திலும் வேலியிலும் ஏறும்.

நீர்க்கோலி வாய்க்காலிலும் கிணற்றிலும் குளத்திலும் இருப்பது. மஞ்சள் கலந்த உடலில் கருப்புக் கட்டங்கள், கண்ணுக்குக் கீழே சாய்வாக இரண்டு கருங்கோடு. கோபம் அதிகம். கழுத்தைத் தட்டையாக்கித் தலையைத் தூக்கும்போது நல்லபாம்புக் குட்டி என்றே தோன்றும். தயங்காமல் கடிக்கும், ரத்தமும் வரும். விஷம் கிடையாது. மழைக்காலத்தில் பூந்தொட்டியிலும் குளியலறைச் சாக்கடைத் துளையிலும் மண்புழு மாதிரி நெளியும் கருப்பு நூல் ஒன்று வரும். அது புழுப் பாம்பு. காதுக்குள் புகும் என்ற பயத்தில் கொதிநீர் ஊற்றுகிறார்கள். எறும்பு, கறையான் முட்டைதான் அதற்கு உணவு. இதில் ஆணே கிடையாது, பெண் மட்டுமே தானாக முட்டையிட்டுப் பெருகும். நம் பக்கத்திலிருந்து தொட்டிச் செடியோடு கப்பலேறி உலகத்தின் வெப்பப் பகுதிகள் முழுக்கப் பரவிவிட்ட பாம்பு இது.

கொம்பேறி மூக்கன் கடித்துவிட்டு, மரத்தின் உச்சியில் ஏறிச் சுடுகாட்டுப் புகை எழுகிறதா என்று பார்க்கும் என்று சொல்லாத வீடு இல்லை. முதுகில் செம்பு நிறக் கோடு ஓடும் மெல்லிய மரப்பாம்பு அது. ஓணானும் தவளையும் தேடித் தென்னை மட்டையில் திரிவதைத் தவிர வேறு வேலை அதற்கில்லை. பச்சைப் பாம்பு கண்ணைக் கொத்தும் என்பார்கள். நீண்ட மூக்கோடு முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டு நிற்பதால் வந்த பயம். அதற்கு லேசான விஷம் உண்டு, கடித்த இடம் வீங்கலாம், உயிருக்கு ஆபத்தில்லை. ஆனைமலை அடிவாரத்துப் புதர்களில் பச்சை நிறத்திலேயே குழிவிரியன் ஒன்று உண்டு என்பதால், அமராவதி நகருக்கு மேலே போகிறவர்கள் பச்சை என்றாலே சாது என்று எண்ண வேண்டாம்.

மண்ணுளியின் கதை வருத்தம் தருவது. நக்கினால் குஷ்டம் வரும் என்று பயந்து அடித்தார்கள் ஒரு காலத்தில். இப்போது இருதலைப் பாம்பு அதிர்ஷ்டம் தரும், கோடிக்கு விலை போகும் என்று தேடிப் பிடிக்கிறார்கள். மொட்டை வாலைச் சூடு வைத்தும் கீறியும் இன்னொரு வாய் போல ஆக்குகிறார்கள். வாங்க வருகிறவரும் விற்க வருகிறவரும் கைதான செய்திகள் தமிழ்நாட்டு நாளிதழ்களில் வந்துகொண்டே இருக்கின்றன. வளையில் எலிக்குஞ்சு பிடித்துத் தின்னும் ஒரு சோம்பலான பிராணிக்கு இந்தக் கதி.

இனி கடியைப் பற்றி. மில்லியன் டெத் ஸ்டடி என்ற நாடு தழுவிய ஆய்வின்படி 2000 முதல் 2019 வரையான இருபது ஆண்டில் இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் ஏறத்தாழ 12 லட்சம் பேர். ஆண்டுக்குச் சராசரி 58,000. அதே ஆய்வின் முந்தைய பகுதி 2011இல் வெளியானபோது தெரிந்த ஒன்று இன்னும் கனமானது. இறந்தவர்களில் கால்வாசிக்கும் குறைவானவர்களே மருத்துவமனையில் இறந்தார்கள். மற்றவர்கள் வீட்டிலோ வழியிலோ இறந்தார்கள். மந்திரிக்கப் போனது, வேர் அரைத்துக் கொடுத்தது, "தண்ணிப் பாம்புதானே" என்று படுத்துவிட்டது எல்லாம் இதில் சேர்த்தி.

அதனால் கடித்தது எதுவாக இருந்தாலும் விஷப் பாம்பு என்றே வைத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். கயிறு கட்டக்கூடாது, கீறக்கூடாது, வாயால் உறிஞ்சக்கூடாது. மோதிரம், வளையல், மெட்டி, அரைஞாணைக் கழற்றிவிட்டு, கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, 108ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். விஷமுறி மருந்து அங்கே இலவசம். பாம்பை அடித்து மஞ்சள் பையில் போட்டு எடுத்துப் போவது தேவையில்லை. அதைத் தேடப்போய் இரண்டாவது ஆள் கடிபட்டதுண்டு. எட்டி நின்று போனில் ஒரு படம் எடுக்க முடிந்தால் நல்லது, முடியாவிட்டாலும் குறையில்லை. மருத்துவர் பார்ப்பது உடலில் தெரியும் அறிகுறியைத்தான். ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து இருபது நிமிடம் அசைக்காமல் வைத்து உறைகிறதா என்று பார்ப்பார்கள். கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் கடியை அது காட்டிக்கொடுக்கும். இமை சரிகிறதா, பேச்சு குழறுகிறதா, விழுங்க முடிகிறதா என்று பார்ப்பார்கள், கட்டுவிரியனுக்கும் நல்லபாம்புக்கும் அது. எந்த அறிகுறியும் இல்லையென்றால் மருந்து ஏற்றாமல் 24 மணி நேரம் கண்காணிப்பில் வைப்பார்கள். இது அலட்சியம் அல்ல. குதிரையின் ரத்தத்திலிருந்து செய்யும் அந்த மருந்து சிலருக்குக் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கும். விஷமில்லாப் பாம்பு கடித்தவருக்கு அதை ஏற்றினால் இல்லாத ஆபத்தை வரவழைத்ததாகும். "ஊசி போடாம படுக்க வெச்சிருக்காங்க" என்று சண்டை பிடிக்கும் உறவினர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக ஆக்கியிருப்பதால், தனியார் மருத்துவமனைக்கு வரும் கடியும் இனிக் கணக்கில் ஏற வேண்டும்.

விஷமில்லாப் பாம்பு வீட்டுக்குள் வந்தால் என்ன செய்வது? குழந்தைகளையும் நாயையும் அப்புறப்படுத்தி, மற்ற அறைக் கதவுகளைச் சாத்தி, கதவடியில் துணி திணித்து, வாசல் கதவை மட்டும் அகலத் திறந்துவிட்டால் சாரை தானே வெளியேறிவிடும். ஒருவர் எட்டத்தில் நின்று கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எங்கே போய் ஒளிந்தது என்று தெரியாமல் போனால்தான் இரவெல்லாம் தூக்கமில்லை. எது என்று தெரியவில்லை, அல்லது அலமாரிக்குப் பின்னே புகுந்துவிட்டது என்றால் தீயணைப்பு நிலையத்துக்கோ வனத்துறைக்கோ சொல்ல வேண்டும். பிடித்தவர் அதை மலைக்காட்டில் கொண்டுபோய் விட வேண்டும் என்று நாம் வற்புறுத்துகிறோம். அது பாம்புக்கும் நல்லதல்ல. கர்நாடகத்தின் ஆகும்பேயில் ராஜநாகங்களுக்கு ரேடியோக் கருவி பொருத்திக் கவனித்தபோது, தூரத்தில் கொண்டுபோய் விடப்பட்ட பாம்பு பழக்கமில்லாத இடத்தில் நிலைகொள்ளாமல் வெகுதூரம் அலைந்தது தெரிந்தது. கிடைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே ஆளரவமற்ற புதரில் விடுவதுதான் முறை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் சாரையும் நீர்க்கோலியும் நல்லபாம்பும் பாதுகாக்கப்பட்டவை. பிடித்து வைப்பதும் வேடிக்கை காட்டுவதும் குற்றம்.

கொங்குப் பக்கம் வீடுகளில் வாசலில் ஆகாச கருடன் கிழங்கு தொங்கும், கொல்லையில் சிறியாநங்கை இருக்கும், மழைக்காலத்தில் பினாயிலும் பூண்டுக் கரைசலும் தெளிப்பார்கள். இவற்றால் பாம்பு திரும்பிப் போனதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் இவை இருக்கின்றன என்ற நம்பிக்கையில் கதவடிச் சந்தை அடைக்காமல் விட்டுவிடுகிறோம். பாம்பைத் தடுப்பது எலியைத் தடுப்பதில் தொடங்குகிறது. தீவன மூட்டையைத் தரையில் அடுக்காமல் பலகை மேல் அடுக்குவது, தென்னமட்டையையும் விறகையும் சுவரை விட்டுத் தள்ளிப் போடுவது, சாக்கடைத் துளைக்குக் கம்பி வலை, கதவடியில் ரப்பர் பட்டை, கோழிக்கூட்டுக்குச் சிறுகண் வலை. கம்பி வலை என்று சொல்லும்போதே ஒன்றையும் சொல்ல வேண்டும். காய்கறித் தோட்டத்தைச் சுற்றி மயிலுக்காகக் கட்டும் நைலான் வலை சாரைக்கு எமன். தலையும் கழுத்தும் உள்ளே போய்விடும், செதில் பின்னோக்கி விடாது. ஒரு வேலியோரம் அப்படி மாட்டிய சாரையைப் பயிற்சி பெற்ற ஒருவர் மீட்டதைப் பார்த்தேன். தலையை ஈரச் சாக்கால் மூடிப் பிடித்துக்கொண்டு, நகம் வெட்டும் சிறு கத்திரியால் ஒவ்வொரு இழையாக அறுத்தார். நைலான் இறங்கிய இடத்தில் செதில் உரிந்து சதை தெரிந்தது. வலையின் அடிப்பகுதியைத் தரையிலிருந்து ஒரு முழம் தூக்கிக் கட்டினால் பெரும்பாலும் இது நேராது.

இரவுக்கான ஏற்பாடு வேறு. கட்டுவிரியன் கடி அதிகமும் தரையில் படுத்துத் தூங்குகிறவருக்குத்தான். வலி தெரியாது. விடியற்காலை வயிற்றுவலி என்று எழுந்து, இமை சரியத் தொடங்கும்போதுதான் விஷயம் தெரியும். கட்டில், அது இல்லாவிட்டால் ஓரத்தைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகிய கொசுவலை, எழுந்தால் டார்ச், வாசல் தாண்டினால் செருப்பு. இவ்வளவு செய்தால் விஷமுள்ளது, விஷமில்லாதது என்ற பதற்றமே பாதி குறைந்துவிடும்.

இந்த ஏற்பாடு தோட்டத்துச் சாளையில் இருக்கிறவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, செய்ய வைப்பதுதான் பாடு. ஆலை விடுதியிலும் லைன் வீட்டிலும் நிலைமை வேறு. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து, ஒரு அறையில் ஆறு ஏழு பேராகத் தரையில் படுத்து, ஷிப்ட் மாறி மாறித் தூங்கும் இளைஞர்களுக்கு உள்ளூர்ப் பாம்பின் பெயர் தெரியாது, பக்கத்து அரசு மருத்துவமனை எங்கே என்று தெரியாது, இரவில் யாரை எழுப்புவது என்றும் தெரியாது. தீயணைப்புப் பயிற்சி ஆண்டுதோறும் நடத்தும் ஆலைகள் இதையும் அதோடு சேர்க்கலாம். பருவமழைக்கு முன்னால் கழிவுப் பஞ்சு மூட்டைகளைக் குடியிருப்பிலிருந்து தள்ளி வைப்பது, ஆளுக்கொரு கட்டிலும் கொசுவலையும் கொடுப்பது, குளியலறைக்குப் போகும் வழியில் விளக்குப் போடுவது. அதோடு நான்கு விஷப் பாம்புகளின் பெரிய வண்ணப் படங்களும் சாரை, நீர்க்கோலி, வெள்ளிக்கோல் வரையன் படங்களும், 108 என்ற எண்ணும் தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் எழுதி, தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டப்பட வேண்டும். வேலைக்குச் சேரும் முதல் நாளே, மேஸ்திரி அந்தச் சுவருக்கு அழைத்துப் போய்க் காட்டிவிட வேண்டும்.